கார்ல ஏறினாலே குமட்டுதா?

"வேலையை விட்டுடலாம்னு இருக்கேன் டாக்டர்..."

நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தப் பெண் சொன்ன முதல் வார்த்தை இதுதான். வயது இருபத்தி நாலு. ஊர், உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமம். ஒரகடம் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கல்யாணமாகி எட்டு மாதம். கூட வந்திருந்த மாமியார் முகத்தில் மட்டும் ஒரு பூரிப்பு.

"தினமும் காலையில வாந்தி எடுக்குதுங்க. நாள் தள்ளிப் போயிருக்கான்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்குது. நீங்களே பார்த்து நல்ல சேதி சொல்லுங்க டாக்டர்!"

"ஐயோ அத்தை! பஸ்ல ஏறினாத்தான் வாந்தி. லீவு நாள்ல வருதா, சொல்லுங்க?" என்றாள் மருமகள். கேஸ் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. இருந்தாலும் சிறுநீர் பரிசோதனை செய்தோம். கர்ப்பம் இல்லை. மாமியாருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

காலை நாலரைக்கு கம்பெனி பஸ். வழியில் ஏழெட்டு இடத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, வாலாஜாபாத் வழியாக ஒரகடம் வந்துசேர ஒன்றேகால் மணி நேரம். அரை மணி நேரம் தாண்டியதும் வாயில் உமிழ்நீர் ஊறும், கொட்டாவி வரும், முகம் வெளுக்கும், அப்புறம் பிளாஸ்டிக் பை. பக்கத்தில் உட்கார யாரும் தயாராக இல்லை. இதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்ட அவமானம். என்னிடம் வந்ததற்குக் காரணம் வேறு.

"மெடிக்கல் ஷாப்ல ஒரு மாத்திரை கொடுத்தாங்க. தினம் போட்டுக்கறேன். வாந்தி நிக்குதோ இல்லியோ, தூக்கம் வருது டாக்டர். போன வாரம் மெஷின்ல நின்னுக்கிட்டே கண்ணை மூடிட்டேன். பக்கத்துல இருந்த அக்கா இழுக்கலைன்னா, கை போயிருக்கும்."

பயணக் குமட்டலை நாம் யாரும் ஒரு வியாதியாகவே மதிப்பதில்லை. கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் எரிச்சல், ஒரு எலுமிச்சம்பழம். அவ்வளவுதான். ஆனால் ஒரு பெண்ணின் சம்பளமும் ஐந்து விரலும் அதில் மாட்டிக்கொண்டிருந்தன.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் உள்ள பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவர ஆரம்பித்தன. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012-ல் டெய்ம்லர் லாரிகள், அதற்குப் பின் ராயல் என்ஃபீல்டு. வண்டிகளை ஓட்டிச் சோதிப்பதற்கென்றே ஒரகடத்தில் ஒரு ஆராய்ச்சி மையமும் ஓடுதளமும் இருக்கின்றன. நாட்டுக்கே கார் செய்து அனுப்புகிற இந்த ஊர்க்காரர்களில் எத்தனையோ பேருக்குக் கார் ஒத்துக்கொள்வதில்லை! விடியற்காலையிலும் நள்ளிரவிலும் இங்கே ஓடுகிற கம்பெனி பஸ்களில் ஏறிப் பார்த்தால் தெரியும். ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, கண்ணை இறுக மூடி, கையில் கேரி பேக்கோடு ஒருத்தராவது இருப்பார்.

காதுக்குள் ஒரு ரசமட்டம்

குமட்டல் வயிற்றில் தெரிகிறது. அதனால் வயிற்றுக் கோளாறு என்றே நினைக்கிறோம். 'பித்தம்' என்று சொல்லி, பயணத்துக்கு முந்தின நாள் பேதி மாத்திரை கொடுப்பவர்கள்கூட இருக்கிறார்கள். பாவம் வயிறு! அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. தகராறு நடப்பது காதில்.

நம் உள்காதில், கேட்பதற்கான நத்தை எலும்புக்குப் பக்கத்திலேயே, மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே திரவம். தலையைத் திருப்பினால் திரவம் பின்தங்கும், அதை உணர்ந்து நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்பும். இவற்றோடு சேர்ந்த இரண்டு சிறு பைகளில், பசை போன்ற படலத்தின் மேல் பொடிப்பொடியான சுண்ணாம்புத் துகள்கள். வண்டி வேகம் எடுத்தாலும், பிரேக் பிடித்தாலும், மேலே கீழே போனாலும் இந்தத் துகள்கள் நகர்ந்து சேதி சொல்லும். கொத்தனார் சுவர் மேல் வைத்துப் பார்க்கிறாரே ரசமட்டம், அதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது காரின் பின் சீட்டில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறீர்கள். கண் என்ன சொல்கிறது? 'எல்லாம் அசையாமல் இருக்கிறது. எழுத்து நிற்கிறது, சீட் நிற்கிறது.' காது என்ன சொல்கிறது? 'இடது பக்கம் திரும்புகிறோம்... பிரேக்... மறுபடி வேகம்...' இரண்டும் ஒத்துப்போகவில்லை. தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரே பாய்லருக்கு இரண்டு மீட்டர் வைத்து, இரண்டும் இரண்டு விதமாகக் காட்டினால் பேனலில் அலாரம் அடிக்காதா? அந்த அலாரம்தான் குமட்டல்.

அலாரம் ஏன் வாந்தியாக வர வேண்டும் என்பதற்கு ஒரு சுவையான கருத்து உண்டு. கண்ணும் காதும் முரண்படுவது பழைய காலத்தில் ஒரே ஒரு சமயத்தில்தான் நடந்திருக்கும்: விஷக்காயோ, விஷக்கீரையோ தின்று தலை சுற்றும்போது. 'ஏதோ விஷம் உள்ளே போய்விட்டது, வெளியே தள்ளு' என்று மூளை தப்பாகக் கணக்குப் போடுகிறதாம். 1977-ல் சொல்லப்பட்ட இந்தக் கருத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. ஆனாலும் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

காதுதான் காரணம் என்பதற்கு மட்டும் நல்ல ஆதாரம் உண்டு. உள்காதின் இந்தப் பகுதி இரண்டு பக்கமும் முற்றிலும் செயலிழந்தவர்களுக்குப் பயணக் குமட்டல் வருவதில்லை. நடுக்கடலில் புயலடித்தாலும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஆனால் கண் தெரியாதவர்களுக்கு இது வரும். ஆக, கண் சண்டையைப் பெரிதாக்குகிறது, சண்டை பிறக்கும் இடம் காது.

குலுக்கல் இல்லை, ஆட்டம்!

இங்கே எல்லோரும் தப்புக்கணக்கு போடுகிற ஒரு விஷயம். 'ரோடு மோசம், அதான் வாந்தி' என்பார்கள். மேடு பள்ளத்தில் தடதடவென்று குலுங்கும் ரோடு இடுப்பை வலிக்க வைக்கும், வாந்தியை அவ்வளவாக வரவழைக்காது. வாந்திக்குக் காரணம் மெதுவான ஆட்டம். ஐந்து விநாடிக்கு ஒரு முறை வந்து போகிற அசைவுதான் மனிதனுக்கு மிக அதிகமாகக் குமட்டலைத் தருகிறது என்று 1970-களில் செய்த சோதனைகளில் கண்டுபிடித்தார்கள். கப்பல் அலையில் ஏறி இறங்குவதும் கிட்டத்தட்ட அதே கதிதான். காரில் அந்த அசைவு எங்கிருந்து வருகிறது? வளைவுகளிலிருந்து. அப்புறம், நின்று நின்று போகும் போக்குவரத்திலிருந்து.

ஒரகடம் சந்திப்பில் ஷிப்ட் விடும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். வண்டலூர் வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி. டிரைவர் பத்தடி நகர்த்துகிறார், பிரேக், மறுபடி பத்தடி, மறுபடி பிரேக். ரோடு வழவழவென்று இருக்கிறது, ஆனால் பின் சீட்டில் ஒருத்தருக்கு வாய் ஊற ஆரம்பித்துவிட்டது. மெத்தென்ற ஸ்பிரிங் வைத்த பெரிய கார்கள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாததற்கும் இந்த ஆட்டம்தான் காரணம். மின்சாரக் கார்களில் இன்னொரு சங்கடம்: ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வேகம் சட்டென்று குறையும், என்ஜின் சத்தமும் இல்லாததால் பின்னால் இருப்பவர்களுக்கு முன்னறிவிப்பே கிடையாது.

முன்னறிவிப்பு! இதுதான் முக்கியம். டிரைவருக்கு ஏன் வாந்தி வருவதில்லை? ஸ்டியரிங்கைத் திருப்பப்போகிறோம் என்று அவர் மூளைக்கு ஒரு நொடி முன்பே தெரியும். உடம்பும் வளைவுக்குத் தயாராகச் சாய்ந்துகொள்ளும். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவர் குமட்டல்காரராக இருந்தால், அவரையே ஓட்டச் சொல்லுங்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களுக்கு வாந்தி வருவது அபூர்வம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். எதிரே ரோடு தெரிகிறது, காற்று முகத்தில் அடிக்கிறது, வண்டியோடு உடம்பும் சாய்கிறது.

யாருக்கு அதிகம் வரும்? இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குச் சாதாரணமாக வராது. அதற்குமேல் மெல்ல ஆரம்பித்து, ஆறு ஏழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை உச்சம். பிறகு பெரும்பாலும் குறைந்துவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். மாதவிலக்கு நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் கூடும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அதிகம். 'மனசுல தைரியம் இல்ல' என்று திட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல்: பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்குக் கப்பல் ஒத்துக்கொள்ளாது. 1831 முதல் 1836 வரை 'பீகிள்' கப்பலில் உலகைச் சுற்றிய டார்வின், பயணம் பூராவும் கடல் குமட்டலில் அவதிப்பட்டார். உலர்ந்த திராட்சைதான் அவருக்கு உள்ளே இறங்கியதாம். தைரியம் குறைந்தவர்களா இவர்கள்?

எந்த சீட்?

எனக்கு ஒரே ஒரு ஆலோசனை சொல்ல அனுமதி கொடுத்தால், சீட்டைத்தான் சொல்வேன். மருந்தைவிட, இஞ்சியைவிட, எலுமிச்சையைவிட சீட்.

இங்கிலாந்தில் 1999-ல் வெளியான ஒரு ஆய்வில், நெடுந்தூர பஸ் பயணிகள் 3,200-க்கும் மேற்பட்டவர்களை விசாரித்தார்கள். நூற்றுக்கு 28 பேர் ஏதோ ஒரு விதத்தில் உடம்பு சரியில்லை என்றார்கள். முன்னால் உள்ள சாலை தெரியாத இடத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தொல்லை சுமார் மூன்று மடங்கு!

பஸ்ஸில் நல்ல இடம், முன்பக்கம், முன் கண்ணாடி வழியாக ரோடு தெரிகிற சீட். பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சீட்டுகள் மிக மோசம். வண்டியின் வால் பகுதி அதிகம் ஆடும். பக்கவாட்டு ஜன்னல் வழியாக வேகமாக ஓடுகிற மரங்களைப் பார்ப்பது கூடாது. நேர் எதிரே, தூரத்தில், வானமும் பூமியும் சேர்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். இருட்டில் எதுவும் தெரியவில்லையா? கண்ணை மூடி, தலையை சீட்டின் தலைப்பகுதியில் ஆடாமல் அழுத்தி வைத்துக்கொள்ளுங்கள். கண் வாயை மூடிவிட்டால் சண்டையில் ஒரு கட்சி குறைந்தது! ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்ப்பது இதற்கு உதவாது. அது ஆட்டத்தை நேராகத் தலைக்குள் கொண்டுபோகும்.

நம் உத்திரமேரூர்ப் பெண்ணின் இடம் கடைசிக்கு முந்தின வரிசை. கையில் போன். வீடியோ பார்த்தால் வாந்தியை மறக்கலாம் என்று யாரோ சொன்னார்களாம்!

"முன்னாடி சீட்ல உட்காரும்மா" என்றேன்.

"எப்படி டாக்டர்? முதல் ரெண்டு வரிசையும் சீனியருங்களுக்கு. எழுதாத சட்டம். நான் ஏறுறதுக்குள்ள துண்டு போட்டிருப்பாங்க."

மருத்துவப் புத்தகத்தில் இதற்கு பதில் இல்லை. 'பயணக் குமட்டல் உள்ளவர், முன்பக்க இருக்கை அவசியம்' என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, தொழிற்சாலையின் மருத்துவ அறையில் காட்டச் சொன்னேன். அது எந்த மேஜையில் உட்கார்ந்ததோ, இரண்டு வாரம் பதிலே இல்லை. கடைசியில் தீர்த்து வைத்தது பஸ் டிரைவர். தினம் பஸ்ஸைக் கழுவுகிறவர் அவர்தானே! "இந்தப் பொண்ணு இனிமே முன் சீட்டுதான், யாரும் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டாராம்.

காரில் முன் சீட் பெரியவர்களுக்குத்தான். குமட்டுகிறது என்பதற்காகக் குழந்தையை முன் சீட்டில் அப்பா பக்கத்திலோ, அம்மா மடியிலோ உட்கார வைக்காதீர்கள். விபத்தில் வெடித்து விரியும் காற்றுப்பை பெரியவர்களின் உயரத்துக்கு ஏற்ப வைக்கப்பட்டது. குழந்தையின் கழுத்தை அது ஒடித்துவிடும். பன்னிரண்டு வயது வரை பின் சீட். நடுவில் தோளோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் இருந்தால் நடு சீட் நல்லது, இரண்டு முன் சீட்டுகளுக்கு இடையே ரோடு தெரியும். உயரம் போதாத குழந்தைக்கு, அதற்கென்று விற்கும் உயர்த்தும் இருக்கையை வாங்கிப் போடுங்கள். பெல்ட்டும் சரியாகப் பொருந்தும், ஜன்னலுக்கு மேலே கண்ணும் எட்டும். தலையணையை மடித்துப் போட்டு உட்கார வைப்பது ஆபத்து.

சின்னக் குழந்தைகளுக்குக் 'குமட்டுது' என்று சொல்லத் தெரியாது. 'வயிறு வலிக்குது' என்று சொல்லும். அதுவும் சொல்லாமல், வாயாடிக்கொண்டிருந்த வாண்டு திடீரென்று சத்தமில்லாமல் ஆகிவிட்டால், கொட்டாவி விட்டால், உதடு வெளுத்தால், நெற்றியில் ஜில்லென்று வேர்த்தால், உங்களுக்கு இன்னும் ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆம்பூர் பிரியாணியும் பதினாலு வளைவும்

இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் ஒரு நாள் லீவு கிடைத்தால் கிளம்புகிற இடம் ஏலகிரி. ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் நெடுஞ்சாலையைப் பிடித்தால் வாலாஜா, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. அங்கிருந்து திரும்பி மலையடிவாரம். ஏறக்குறைய நாலு மணி நேரம். மேலே ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டே போகலாம் என்பது ஆசை. நடைமுறையில் பலபேர் நாலாவது வளைவில் கதவைத் திறந்துகொண்டு ஓடுவார்கள்!

காரணம் எதுவென்று பார்த்தால், மலைக்குச் சற்று முன்னால் ஆம்பூர் வருகிறது. 'இவ்வளவு தூரம் வந்துட்டு பிரியாணி சாப்பிடாம போறதா?' நெய்யும் மசாலாவும் நிறைந்த வயிறு காலியாக நேரமாகும். அந்த நேரத்தில் வளைவு வளைவாக ஏறினால் என்ன ஆகும்? பிரியாணியைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். ருசியும் மிஞ்சும், சட்டையும் மிஞ்சும்.

அதற்காகப் பட்டினியும் கூடாது. 'ஒண்ணும் சாப்பிடாம வந்தா ஒண்ணும் வராது' என்பது தப்பு. வெறும் வயிற்றில் குமட்டல் கூடும், வந்தால் பித்த நீர்தான் வரும், அதன் எரிச்சல் இன்னும் மோசம். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, எண்ணெய் இல்லாத ஏதாவது. பால், காபி வேண்டாம் என்று சிலருக்கு அனுபவத்தில் தெரியும். அவரவர் அனுபவத்தை மதியுங்கள். வழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், உப்பு பிஸ்கட். அந்த கம்பெனி பஸ் பெண் காலையில் ஒரு டம்ளர் டீ மட்டும் குடித்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தாள். மாமியார் நாலு மணிக்கே எழுந்து இரண்டு இட்லி ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தது, மருந்துச் சீட்டில் நான் எழுதாத மருந்து.

வாசனை இன்னொரு எதிரி. டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் மல்லிகை சென்ட், ஏ.சி. போட்டு மூடிய காரில் அம்மா தலையில் இரண்டு முழம் பூ, பின்னால் டிபன் பாக்ஸில் புளியோதரை... எல்லாம் தனித்தனியே நல்லவைதான். சேர்ந்தால் வேலை காட்டும். சென்ட்டைக் கழற்றி எறியுங்கள். அவ்வப்போது ஜன்னலைத் திறந்து வெளிக்காற்றை விடுங்கள்.

ஓட்டுகிறவரின் பங்கு பெரியது. மடியில் ததும்பத் ததும்பப் பால் சொம்பு இருப்பதாக நினைத்து ஓட்டச் சொல்லுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல், ஒரே சீராகத் திரும்ப வேண்டும். முன் வண்டியோடு இடைவெளி விட்டால் அடிக்கடி பிரேக் தேவைப்படாது. இந்த மலைக்குப் பழகிவிட்டால் சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 வளைவு, கொல்லிமலைக்கு 70 வளைவு காத்திருக்கின்றன!

வாந்தி வரப்போகிறது என்று தெரிந்தால், நெடுஞ்சாலை ஓரத்தில் சட்டென்று நிறுத்திக் குழந்தையைச் சாலைப் பக்கக் கதவு வழியாக இறக்காதீர்கள். லாரிகள் பறக்கிற சாலை அது. கையில் எப்போதும் பை இருக்கட்டும். பையில் எடுக்கச் சொல்லிவிட்டு, பெட்ரோல் பங்க், உணவகம், சுங்கச்சாவடி ஒட்டிய நிறுத்துமிடம் என்று பாதுகாப்பான இடம் வந்ததும் நிறுத்துங்கள். இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் காதும் கண்ணும் சமாதானமாகிவிடும்.

மாத்திரை: எது, எப்போ?

1940-களின் கடைசியில் அமெரிக்காவில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்குத் தோல் தடிப்புக்காக ஒரு புதிய மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு டிராம் வண்டியில் ஏறினால் குமட்டும். மருந்து சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து டிராமில் ஒன்றும் செய்யவில்லை என்று அவரே கவனித்துச் சொன்னார். டாக்டர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், கப்பலில் போர்வீரர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். அதுதான் டைமென்ஹைட்ரினேட். அலர்ஜி மருந்து, பயண மருந்தாக மாறியது இப்படித்தான். நம் ஊரில் பல வீடுகளில் இருக்கும் அவோமின் மாத்திரையில் உள்ள புரோமெத்தசினும் அதே அலர்ஜிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இவற்றைப் பற்றி மூன்று விஷயம் தெரிந்தே ஆக வேண்டும்.

முன்னாலேயே போட வேண்டும். மருந்தைப் பொறுத்து அரை மணி முதல் இரண்டு மணி நேரம் முன்பு. குமட்டல் ஆரம்பித்த பிறகு வயிறு வேலை நிறுத்தம் செய்துவிடும், மாத்திரை அங்கேயே கிடக்கும் அல்லது வெளியே வந்துவிடும். என் மகள் சின்னவளாக இருந்தபோது, டாக்டரான நானே மாத்திரையை வீட்டில் மறந்துவிட்டு, வழியில் வாங்கி, அவள் ஒரு முறை வாந்தி எடுத்த பிறகு கொடுத்தேன். அதையும் என் சட்டை மேலேயே எடுத்தாள்.

தூக்கம் வரும். இதில் சமாதானமே கிடையாது. கார் ஓட்டுகிறவர், மெஷினில் நிற்கிறவர், உயரத்தில் ஏறி வேலை செய்கிறவர் போடவே கூடாது. ஒன்றேகால் மணி நேர பஸ்ஸுக்குப் போட்ட மாத்திரை, எட்டு மணி நேர ஷிப்டையும் தாண்டி வேலை செய்யும். மதுவோடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அந்தப் பெண்ணிடம் முதல் வேலையாக மாத்திரை அட்டையை வாங்கி வைத்துக்கொண்டேன். தினம் மாத்திரை போடுவதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. தினமும் பயணம் செய்கிறவர்களின் மூளை, சில வாரங்களில் அந்த ஆட்டத்துக்குத் தானாகப் பழகிக்கொள்ளப் பார்க்கும். மருந்து அந்தப் பழக்கத்தைத் தாமதப்படுத்தலாம்.

எல்லோருக்கும் ஆகாது. புரோமெத்தசின் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கூடவே கூடாது, மூச்சே தடைப்படலாம். அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் டாக்டர் எடை பார்த்துச் சொல்லும் அளவுதான். பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக ஒடித்துக் கொடுக்கிற கணக்கெல்லாம் வேண்டாம். கண் அழுத்த நோய், ப்ராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களும், கர்ப்பிணிகளும் கேட்காமல் தொடக்கூடாது. சில குழந்தைகளுக்குத் தூக்கத்துக்கு பதிலாக ஆட்டபாட்டம் அதிகமாகும். அதனால் முதல் தடவையைப் பயண நாளில் சோதிக்காமல், வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்துப் பாருங்கள்.

'வாந்திக்கு மாத்திரை' என்று பொதுவாகக் கேட்டால் கடையில் கிடைக்கும் ஆன்டான்செட்ரான், மற்ற வாந்திகளுக்கு மிக நல்ல மருந்து. பயணக் குமட்டலைத் தடுக்க மட்டும் அது அவ்வளவாக உதவுவதில்லை. வாங்கும்போது 'பிரயாணத்துக்கு' என்று சொல்லிக் கேளுங்கள்.

இஞ்சி? பஸ் நிலையங்களில் இஞ்சி மரப்பா விற்றவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. ஆய்வுகளில் சிலது உதவுகிறது என்கிறது, சிலது இல்லை என்கிறது. எனக்குப் பிடித்த வாதம் இதுதான்: தூக்கம் வராது, விலை குறைவு, குழந்தைகளும் சப்பும். எலுமிச்சம்பழத்தை முகர்வதும் அப்படியே. மற்ற வாசனைகளை மறைக்கும், மனசுக்குத் தெம்பு. மணிக்கட்டில் கட்டும் பட்டைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. மெதுவாக, எண்ணி எண்ணி மூச்சு விடுவதும், பிடித்த பாட்டைக் கேட்பதும் நிஜமாகவே கொஞ்சம் தாங்கும். பாட்டு கேட்கலாம், பார்க்கத்தான் கூடாது.

இது வேறு வாந்தி

வண்டி நின்று அரை மணி, ஒரு மணியில் சரியாகிவிட்டால் பயணக் குமட்டல்தான். வீட்டில் சும்மா இருக்கும்போதும் அறை சுற்றினால், காதில் இரைச்சலோ கேட்கும் திறன் குறைவோ சேர்ந்தால், கடுமையான தலைவலி, பேச்சு குளறல், நடை தள்ளாட்டம் இருந்தால், குழந்தை காலையில் எழுந்ததும் தலைவலியோடு அடிக்கடி வாந்தி எடுத்தால், எலுமிச்சம்பழம் தேடாமல் டாக்டரிடம் போங்கள். இத்தனை வருடம் இல்லாமல் ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று வந்தாலும் அப்படியே. வேர்வையும் குமட்டலும் நெஞ்சு அழுத்தமும் சேர்ந்து வந்தால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம். 'கார் ஒத்துக்கல' என்று சோடா குடிக்க வைத்து நேரத்தைக் கடத்தாதீர்கள்.

உத்திரமேரூர்ப் பெண் மூன்று வாரம் கழித்து வந்தாள். முன் சீட், இரண்டு இட்லி, போன் பைக்குள், மாத்திரை இல்லை. வாரத்துக்கு ஆறு வாந்தி என்பது ஒன்றாகக் குறைந்திருந்தது. மாதவிலக்கு நாட்களில் மட்டும் இன்னும் சிரமம்தான். "அந்த ரெண்டு நாளும் பையைக் கையிலயே வச்சிருப்பேன் டாக்டர், பரவாயில்லை" என்றாள். வேலையை விடும் பேச்சு வரவில்லை. மாமியார்தான் கிளம்பும்போது திரும்பி, "அந்த நல்ல சேதி வந்தா பஸ் என்னங்க ஆகும்?" என்று கேட்டார். அப்போது வரச் சொல்லியிருக்கிறேன்.

காரை நாற அடித்துவிட்டவர்களுக்கு ஒரு வீட்டுக் குறிப்பு. தண்ணீரை ஊற்றித் தேய்க்காதீர்கள், சீட்டின் பஞ்சுக்குள் இறங்கிவிடும். கையுறை போட்டு, அட்டையால் வழித்து எடுத்துவிட்டு, ஈரத்துணியால் ஒற்றி, சமையல் சோடாவைத் தாராளமாகத் தூவி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் வேக்யூம் கிளீனரால் உறிஞ்சி எடுத்து, நாலு கதவையும் திறந்து வெயிலில் நிறுத்துங்கள். சென்ட் அடித்து மறைக்கப் பார்த்தால், அடுத்த பயணத்தில் அந்தக் கலவை வாசனையிலேயே இன்னொருத்தர் எடுப்பார்.